வேம்பும் வேளாண்மையும்: பயிர்காத்த செடிகளின் வரலாறு

பயிர் செய்யத் தொடங்கிய நாளிலேயே மனிதன் பூச்சியோடு போராடவும் தொடங்கினான். காட்டிலே பல செடிகள் கலந்து வளர்ந்தபோது ஒரு பூச்சிக்குரிய உணவு ஓரிடத்தில் நிறைந்து கிடைப்பதில்லை. நிலத்தைத் திருத்தி ஒரே பயிரைப் பரப்பிலே விதைத்தபோது, தனக்கு மட்டுமன்றிப் பூச்சிக்கும் அவன் விருந்து வைத்தான் என்றே சொல்ல வேண்டும். அந்த விருந்துக்கு வந்தவற்றை விரட்டுவதற்கு அவன் முதலிலே துணைகொண்டது செடிகளைத்தான். கசப்பு, காரம், நெடி, நஞ்சு ஆகியவற்றைத் தம்முடைய உடலிலே தாங்கி நிற்கும் செடிகளைப் பூச்சிகள் தீண்டுவதில்லை என்பதை அவன் கண்ணாரக் கண்டான். தீண்டப்படாத செடியைப் பிழிந்து தீண்டப்படும் பயிர்மேல் தெளித்தால் என்ன என்று எண்ணினான். செடிவழிப் பூச்சிநாசினிகளின் வரலாறு இந்த எளிய எண்ணத்திலிருந்து தொடங்குகிறது.

இவ்வறிவு எவ்வாறு வளர்ந்தது, ஏன் இடையிலே மறக்கப்பட்டது, மறுபடியும் எவ்வாறு நினைவுக்கு வந்தது என்பவற்றை இன்றைய பேச்சிலே ஆராய்வோம். சிறு நிலத்தை உழுது பிழைக்கும் கமக்காரனுக்கு இது பழங்கதை மட்டுமன்று. அவனுடைய கைப்பணம், உடல்நலம், நிலத்தின் வளம் ஆகிய மூன்றும் இவ்வரலாற்றோடு பிணைந்துள்ளன.

பண்டைய உரோமரிடையே கேற்றோ என்பவர் கி. மு. 2ஆம் நூற்றாண்டிலே வேளாண்மை பற்றி ஒரு நூல் எழுதினார். ஒலிவ எண்ணெய் ஆட்டியபின் எஞ்சும் கசண்டைக் களத்துக்கும் களஞ்சியத்துக்கும் பூசினால் எறும்பும் அந்துப்பூச்சியும் அணுகா என்று அந்நூல் கூறுகிறது. பாரதநாட்டிலே கி. பி. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் தமது பிருகத் சங்கிதையிலே மரங்களின் நோய்க்கென்றே ஓர் அதிகாரத்தை ஒதுக்கினார். நோயுற்ற பகுதியைக் கத்தியால் வெட்டி அகற்றி, வாய்விளங்கத்தை நெய்யோடும் சேற்றோடும் குழைத்துப் பூசுமாறு அவர் கூறினார். அவருக்குப் பின்வந்த சுரபாலர் இயற்றிய விருட்சாயுர்வேதம் என்ற நூலும் வாய்விளங்கம், கடுகு, வசம்பு முதலிய பொருள்களைக் கொண்டு மரங்களைப் பேணும் முறைகளைக் கூறுகிறது. மனிதருக்கு மருந்தாகும் செடியே மரத்துக்கும் மருந்தாகும் என்பது அக்காலத்தார் கொண்ட கருத்து.

நம் நாட்டிலும் தமிழகத்திலும் இவ்வறிவு ஏட்டிலே இருந்ததைவிட வீட்டிலேயே மிகுதியாக இருந்தது. உழுந்தையும் பயற்றையும் சேமிக்கும் பெண்கள் காய்ந்த வேப்பிலையை அவற்றோடு கலந்து வைப்பது வழக்கம். நொச்சியிலையும் அவ்வாறே பயன்பட்டது. பயற்றின்மேல் சிறிதளவு எண்ணெயைப் பூசிவைக்கும் வழக்கமும் உண்டு. பயற்று வண்டு இடும் முட்டையை எண்ணெய்ப் படலம் மூடிவிடுவதால் முட்டை மூச்சுமுட்டிப் பொரியாது போகும் என்பது இக்கால ஆராய்ச்சியாளர் கண்ட விளக்கம். வேப்பங்கொட்டையை ஆட்டியபின் எஞ்சும் பிண்ணாக்கைத் தோட்ட நிலத்தில் இட்டு உழுதல் மற்றொரு வழக்கம். அது எருவாகவும் அமைந்தது. மண்ணிலுள்ள புழுக்களை அடக்கும் மருந்தாகவும் அமைந்தது. இவற்றை எழுதிவைத்தவர் எவருமிலர். தாய் செய்ததை மகள் செய்தாள். தகப்பன் செய்ததை மகன் செய்தான்.

ஊருக்குள் அடங்கிக் கிடந்த இவ்வறிவுள் ஒரு பகுதி, கடந்த மூன்று நூற்றாண்டுகளிலே உலக வாணிபப் பொருளாக மாறியது. அவ்வாறு மாறிய செடிகளுள் மூன்றை இங்கே குறிப்பிடலாம்.

முதலாவது புகையிலை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து உலகெங்கும் பரவிய இச்செடியின் சாற்றை 18ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியத் தோட்டக்காரர் அழுக்கணவன் முதலிய சாறுறிஞ்சும் பூச்சிகளை அழிக்கப் பயன்படுத்தினர். 1828ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஐடல்பேர்க்கில் பொசெல்ற், றைமன் என்ற இருவர் அதன் நஞ்சைத் தனியே பிரித்தெடுத்தனர். அதுவே நிக்கொற்றீன். பூச்சியின் நரம்பு மண்டலத்தைத் தாக்கி அதனைத் துடித்து விழச்செய்வது இந்நஞ்சின் தொழில். யாழ்ப்பாணக் கமக்காரருக்குப் புகையிலை பழகிய பயிர். ஒல்லாந்தர் காலந்தொட்டே இங்கிருந்து திருவிதாங்கூருக்குப் புகையிலை ஏற்றுமதியாயிற்று என்பதை வரலாறு கற்றோர் அறிவர்.

இரண்டாவது மலாய்நாட்டிலே தூபா என்று வழங்கும் கொடியின் வேர். அதனை இடித்து ஆற்றிலே கரைத்து மீனை மயக்கிப் பிடிப்பது அந்நாட்டு மக்களின் வழக்கம். மீனை மயக்கும் வேர் பூச்சியையும் கொல்லும் என்ற கருத்து 1848ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் வெளியிடப்பட்டது. சாதிக்காய் மரங்களைத் தின்ற புழுக்களுக்கு எதிராக இதனைப் பயன்படுத்தலாம் என்று ஒக்ஸ்லி என்பவர் எழுதினார். இவ்வகைச் செடிகளில் அடங்கிய நஞ்சைப் பிரெஞ்சுக் கயானாவிலே சொவ்ருவா என்பவர் 1895இல் பிரித்தெடுத்தார். 1902இல் நகாய் நகயோசி என்ற யப்பானிய அறிஞர் தைவான் நாட்டுச் செடியொன்றிலிருந்து அதனைப் பெற்று, அச்செடியின் ஊர்ப்பெயரைத் தழுவி ரொற்றெனோன் என்று பெயரிட்டார்.

மூன்றாவது பைரெத்திரம். செவ்வந்தி இனத்தைச் சேர்ந்த இதன் வெண்மலர் அத்திரியாத்திக் கடலோரமான தல்மேசியாவிலே விளைந்தது. உலர்ந்த பூவின் தூள் பூச்சிகளை நொடியிலே வீழ்த்தும். வெயில் பட்டால் விரைவிலே வலியிழக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதன் விதை யப்பானுக்குச் சென்றது. அங்கே உவெயாமா என்ற வணிகர் குடும்பத்தார் இப்பூத்தூளைப் பிசைந்து கொளுத்தும் குச்சியாகவும், பின்னர் சுருளாகவும் ஆக்கினர். இன்று நம் வீடுகளிலே இரவில் புகையும் நுளம்புச் சுருள் அந்தக் கண்டுபிடிப்பின் வழித்தோன்றலே. பின்னர் கென்யாவின் மலைநாட்டிலே சிறு கமக்காரர் ஆயிரக்கணக்கானோர் இப்பூவைப் பயிரிட்டுப் பணம் பெற்றனர்.

இம்மூன்று செடிகளின் கதையிலும் பொதுவான ஓருண்மை உண்டு. ஊரார் கண்டறிந்த பொருளை வணிகர் பெயர்த்தனர். வணிகர் பெயர்த்ததை இரசாயன அறிஞர் பகுத்தனர். பகுத்ததை ஆலையிலே செயற்கையாகச் செய்ய முயன்றனர். பைரெத்திரப் பூவின் அமைப்பை ஆராய்ந்து இசுத்தௌடிங்கர், உருசிக்கா என்ற இரு பேரறிஞர் 1924இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். இருவரும் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றவர்கள். 1949இல் அப்பூவின் நஞ்சைப் போன்ற முதற் செயற்கைப்பொருள் அமெரிக்காவிலே செய்யப்பட்டது. 1973இல் இங்கிலாந்தின் உரொதம்சுதெட் ஆராய்ச்சி நிலையத்திலே மைக்கல் எலியட் குழுவினர் வெயிலுக்கும் வாடாத செயற்கை வகையை உண்டாக்கினர். செயற்கைப் பொருள்கள் சந்தையை நிரப்பின. காலப்போக்கிலே கென்யாவின் பைரெத்திரத் தொழிலும் தளர்ந்தது. செடியை விற்றுப் பிழைப்பவனுக்கும் அதனைத் தன் தோட்டத்திலே பயன்படுத்துபவனுக்கும் உள்ள வேறுபாட்டை இதிலே காணலாம்.

இனி, பழைய அறிவு ஏன் மறக்கப்பட்டது என்ற வினாவுக்கு வருவோம். சுவிற்சலாந்தைச் சேர்ந்த பவுல் முல்லர் என்பவர் 1939இல் டி. டி. ரி. என்ற செயற்கைப் பொருளுக்குப் பூச்சியைக் கொல்லும் ஆற்றல் உண்டெனக் கண்டார். அதற்காக அவருக்கு 1948இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இப்பொருளின் பயனை இலங்கையர்போல் உணர்ந்தவர் சிலரே. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இந்நாட்டிலே பரவிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறக்குறைய 80,000 உயிர்களைப் பலிகொண்டது. இரண்டாம் உலகப் போரின் முடிவையொட்டி வீடுகளிலே டி. டி. ரி. தெளிக்கத் தொடங்கினர். 1946இல் ஆயிரம் பேருக்கு 20.3 ஆக இருந்த மரண வீதம் 1947இல் 14.3 ஆகக் குறைந்தது. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே பதிவாயினர்.

தன் பிள்ளையின் உயிரைக் காத்த வெண்தூளைத் தன் வயலிலும் தூவக் கமக்காரன் தயங்குவானா? தயங்கவில்லை, அவனைக் குறைகூற நமக்கு உரிமையுமில்லை. வேப்பங்கொட்டையைப் பொறுக்கி, உலர்த்தி, இடித்து, ஊறவைத்து, வடித்துத் தெளிப்பதற்கு இரண்டு நாள் வேண்டும். போத்தலைத் திறந்து நீரிலே கலப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். வேம்பு பூச்சியை மெல்ல அடக்கும். போத்தல் மருந்தோ கண்முன்னே கொல்லும். புதிய நெல்லினங்கள் வந்தன. செயற்கை உரம் வந்தது. அவற்றோடு செயற்கை நாசினியும் ஒரே வண்டியிலே ஏறி வந்தது. விளைச்சல் பெருகியது. பெருகிய மக்கட்டொகைக்குச் சோறு கிடைத்தது. இந்நன்மையை மறுப்பது நன்றிமறப்பதாகும்.

ஆயினும் நன்மையோடு கேடும் வந்து சேர்ந்தது. முதற்கேடு, பூச்சிகள் நஞ்சுக்குப் பழகியமை. ஒரு கூட்டத்திலே ஆயிரம் பூச்சி மாண்டாலும், நஞ்சைத் தாங்கும் இயல்புடைய ஒன்றிரண்டு எஞ்சும். அவற்றின் சந்ததியே அடுத்த போகத்தில் வயலை நிரப்பும். ஈக்கள் டி. டி. ரி.யைத் தாங்கப் பழகியமை 1940களிலேயே தெரியவந்தது. இரண்டாவது கேடு, பகையோடு நட்பும் அழிந்தமை. நெல்வயலிலே வாழும் சிலந்தியும் தும்பியும் சிறு குளவியும் கமக்காரனிடம் கூலி பெறாத காவலர்கள். பரந்த நஞ்சைத் தெளித்தபோது அவை முதலிலே மடிந்தன. காவலரில்லாத வயலிலே கபிலநிறத் தத்தி பெருகியது. நெற்பயிர் நெருப்புப் பட்டதுபோல் வட்டம் வட்டமாகக் கருகியது. மருந்து தெளிக்கத் தெளிக்கத் தத்தி பெருகுவதை ஆசிய நாடுகள் பலவற்றிலும் கண்டனர். இந்தோனேசிய அரசு 1986இல் நெல்லுக்குத் தெளிக்கப்பட்ட 57 நாசினி வகைகளை ஒரே ஆணையால் தடைசெய்தது இக்காரணத்தினாலேயே.

மூன்றாவது கேடு மனித உயிருக்கு நேர்ந்தது. வெயிலிலே வெறுங்காலோடும் வெறும் மேனியோடும் நின்று தெளித்தவர் நோயுற்றனர். வீட்டின் மூலையிலே வைத்த போத்தல், மனம் நொந்த வேளையிலே பலருடைய உயிரைக் குடித்தது. உலகிலேயே தற்கொலை மிகுந்த நாடுகளுள் ஒன்றாக இலங்கை 1990களிலே எண்ணப்பட்டது. அரசு விழித்துக்கொண்டது. மிகக் கொடிய நஞ்சுகளை 1995இலும், எண்டோசல்பானை 1998இலும், பரகுவாற், டைமெதோயேற், பெந்தியோன் ஆகிய மூன்றையும் 2008 தொடக்கம் 2011 வரையிலும் படிப்படியாக விலக்கியது. சாவு வெகுவாகக் குறைந்தது. இத்தடைகளால் நாட்டின் விளைச்சல் குறைந்ததற்குச் சான்றில்லை என்பதையும் ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். கொடிய நஞ்சு இல்லாமலே பயிர் செய்யலாம் என்பதற்கு இதனிலும் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இக்கேடுகளை முன்னுணர்ந்து 1962இலே ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த றேச்சல் கார்சன் அம்மையார் எழுதிய நூல் உலகெங்கும் விவாதத்தை எழுப்பியது. ஏறக்குறைய அதே காலத்திலேயே வேம்பு ஆராய்ச்சியாளரின் கவனத்துக்கு வந்தது பொருத்தமானதொரு நிகழ்ச்சியாகும்.

1959ஆம் ஆண்டிலே சூடான் நாட்டை வெட்டுக்கிளிக் கூட்டம் தாக்கியது. பச்சை என்பதே இல்லாமல் அவை அனைத்தையும் தின்றன. அவ்வேளையில் அங்கிருந்த ஜேர்மனியப் பூச்சியியல் அறிஞர் ஐன்றிச் சிமுற்றரர் ஒன்றைக் கண்டார். வெட்டுக்கிளிகள் வேப்பமரத்திலே வந்து இறங்கின. ஆனால் இலையைத் தின்னாமலே எழுந்து சென்றன. அவர் தமது வாழ்நாளின் பெரும்பகுதியை வேம்பின் ஆராய்ச்சிக்கே செலவிட்டார். 1962இல் புதுதில்லிப் பகுதியை வெட்டுக்கிளிகள் தாக்கியபோது, பிரதான் என்ற இந்திய அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும் வேப்பம்பருப்பை அரைத்து நீரிலே கலந்து பயிர்களுக்குத் தெளித்தனர். வெட்டுக்கிளிகள் பயிரிலே அமர்ந்தன, ஆனால் உண்ணவில்லை. நம் பாட்டிமார் பயற்றுப் பானையிலே கண்டதை இவர்கள் திறந்த வயலிலே அளந்து காட்டினர்.

1968இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பற்றர்வேத், மோர்கன் என்ற இருவர் வேப்பம்விதையிலிருந்து அசாடிரக்ரின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் அமைப்பு எவ்வளவு சிக்கலானதென்றால், அதனை முற்றாக விளங்கிக்கொள்ள 1985 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்திலே இசுரீவன் லே என்பவரின் குழு அதனைச் செயற்கையாகச் செய்துமுடித்தது 2007ஆம் ஆண்டில். அதற்கு 22 ஆண்டு உழைப்புத் தேவைப்பட்டது. நம் முற்றத்து வேம்போ அதே பொருளை ஆண்டுதோறும் ஓசையின்றிச் செய்து தரையிலே உதிர்த்துவிடுகிறது.

அசாடிரக்ரினின் தொழில் நிக்கொற்றீனின் தொழிலைப் போன்றதன்று. அது பூச்சியை உடனே கொல்வதில்லை. முதலாவதாக, பூச்சிக்கு உணவிலே வெறுப்பை உண்டாக்குகிறது. இரண்டாவதாக, பூச்சியின் உடலிலே சட்டையுரிப்பை நடத்தும் சுரப்புகளைக் குழப்புகிறது. புழு வளர வேண்டுமானால் அவ்வப்போது தோலை உரிக்க வேண்டும். உரிக்க இயலாத புழு வளர்ச்சி குன்றி மடியும். மூன்றாவதாக, எஞ்சி வளரும் பூச்சியின் முட்டையிடும் ஆற்றலையும் குறைக்கிறது. இலையைத் தின்னும் பூச்சியே பெரும்பாலும் இதற்கு இலக்காகிறது. தின்னாத சிலந்திக்கும் தேனீக்கும் விளையும் தீங்கு சிறிது. வெயிலிலே சில நாளுக்குள் சிதைந்துவிடுவதால் இது நிலத்திலே நெடுங்காலம் தங்குவதுமில்லை. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திலே தத்திகளுக்கு எதிராகவும் வேம்பு பரிசோதிக்கப்பட்டது. 1980இல் ஜேர்மனியிலே வேம்புக்கென்றே முதலாவது சர்வதேச மாநாடு கூடியது.

உலகம் ஒரு பொருளை மதிக்கத் தொடங்கியதும், அது யாருடையது என்ற வழக்கும் எழுவது இயல்பு. வேப்பெண்ணெயைக் கொண்டு பயிர்களைப் பீடிக்கும் பூஞ்சண நோயைக் கட்டுப்படுத்தும் ஒரு முறைக்கு ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகம் 1994இல் ஆக்கவுரிமை வழங்கியது. அதனைப் பெற்றவர்கள் டபிள்யூ. ஆர். கிரேசு என்ற அமெரிக்கக் கம்பனியும் ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களமும் ஆவர். இந்தியாவின் வந்தனா சிவா, ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் பசுமைக் கட்சியினர், இயற்கை வேளாண்மை இயக்கங்களின் சர்வதேச சம்மேளனம் ஆகியோர் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். இம்முறை புதிய கண்டுபிடிப்பன்று. இந்தியாவிலே முன்னரே கையாளப்பட்டது என்பது அவர்கள் வாதம். இந்தியத் தொழிற்சாலையொன்றின் பொறுப்பாளர் நேரிலே சென்று சாட்சியம் அளித்தார். 2000ஆம் ஆண்டு மே மாதத்திலே அலுவலகம் அவ்வுரிமையை நீக்கியது. மேன்முறையீடும் 2005 மார்ச்சிலே தள்ளுபடியாயிற்று.

இவ்வழக்கிலே நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. நம் முன்னோருக்குத் தெரியும் என்று சொல்வதனால் மட்டும் வழக்கு வெல்லப்படவில்லை. இன்ன ஆண்டில், இன்ன இடத்தில், இன்ன அளவிலே செய்தோம் என்று காட்டிய சான்றினாலேயே வெல்லப்பட்டது. வாய்வழி வந்த அறிவு பெருஞ்செல்வமே. அதனை எழுதிவைக்காதவன் அச்செல்வத்தைத் திறந்த வீட்டிலே வைத்தவனாவான்.

இனி, நம் நாட்டின் அண்மைக்கால அனுபவமொன்றை நோக்குவோம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் செயற்கை உரம், பீடைநாசினி ஆகியவற்றின் இறக்குமதியை அரசு ஒரே வர்த்தமானியால் தடைசெய்தது. நோக்கம் நல்லதென்று பலர் எண்ணினர். ஆனால் அவ்வளவு விரைவிலே ஒரு நாட்டின் கமத்தொழிலை மாற்ற இயலுமா என்ற வினா எழுந்தது. கமக்காரர் தெருவிலே இறங்கினர். அதே ஆண்டு நவம்பரிலே தடை தளர்த்தப்பட்டது. அதற்குள் பெரும்போகச் செய்கை பாதிக்கப்பட்டு விளைச்சல் வீழ்ந்தது. நாடு அரிசியை இறக்குமதி செய்ய நேர்ந்தது.

இதனைக் கொண்டு செடிவழி மருந்து பயனற்றது என்று முடிவுகட்டுவது தவறு. அது எதனாலே இயங்குகிறது என்பதை அறியாது அதன்மேல் பெருஞ்சுமையை ஏற்றினால் என்ன நிகழும் என்பதையே இவ்வனுபவம் காட்டுகிறது. வேப்பம்பழம் ஆனி, ஆடி மாதங்களிலே பழுத்து உதிர்கிறது. அப்போது பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலிலே உலர்த்தி, காற்றோட்டமான சாக்கிலே கட்டிவைத்தால்தான் பெரும்போகத்துக்கு மருந்துண்டு. பொறுக்காத விதையை வர்த்தமானி தரமாட்டாது. எப்பூச்சி எக்காலத்தில் வரும், எந்த இலையிலே முட்டையிடும், எத்தனை பூச்சி இருந்தால் தெளிக்க வேண்டும், எத்தனை இருந்தால் விட்டுவிடலாம் என்ற அறிவும் கமக்காரனுக்கு வேண்டும். அவ்வறிவு அரைநூற்றாண்டிலே மறக்கப்பட்டது. ஓர் ஆண்டிலே திரும்பி வராது.

ஆகவே, சிறு கமக்காரன் இன்று செய்யக்கூடியது யாது? வேப்பம்பருப்புக் கரைசலின் அளவு வேளாண்மை நிலையங்களிலே பலகாலம் பரிசோதிக்கப்பட்டது. 5 கிலோகிராம் பருப்பை இடித்துச் சிறிது நீரிலே ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் துணியால் வடித்து, 100 லீற்றராகும்வரை நீர்சேர்க்க வேண்டும். இலையிலே ஒட்டுவதற்காக 200 கிராம் சவர்க்காரத்தைக் கரைத்துச் சேர்ப்பர். வீட்டுத் தோட்டத்துக்கு இதிலே பத்திலொரு பங்கு போதும்: 500 கிராம் பருப்பு, 10 லீற்றர் நீர், 20 கிராம் சவர்க்காரம். வெயில் இதன் வலிமையைக் கெடுப்பதால் மாலையிலே தெளிப்பது நன்று. இலையின் அடிப்பக்கமும் நனையவேண்டும். புழுக்களும் அழுக்கணவனும் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். வடித்த கரைசலை அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும். பூசணம் பிடித்த விதையை ஒதுக்கிவிட வேண்டும். தெளித்த மறுநாள் பூச்சி செத்துக் கிடக்காவிடில் மருந்து பலிக்கவில்லை என்று எண்ண வேண்டாம். அது உண்பதை நிறுத்திவிட்டதா என்பதையே நோக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். செடியிலிருந்து வந்ததெல்லாம் தீங்கற்றது என்ற எண்ணம் பெருந்தவறு. புகையிலைக் கசாயத்தின் நிக்கொற்றீன் தோலினூடாகவே உடலுக்குள் புகும் கொடிய நஞ்சு. அதுமட்டுமன்று, புகையிலை, மிளகாய், தக்காளி, கத்தரி ஆகியன ஒரே குடும்பச் செடிகள். நோயுற்ற புகையிலையின் கசாயம் தேமல் நோயை மிளகாய்க்கும் தக்காளிக்கும் கொண்டுசெல்லக்கூடும். ரொற்றெனோன் மீனுக்கு நஞ்சு. அதனைச் செலுத்திய எலிகளிலே பாக்கின்சன் நோயை ஒத்த நடுக்கமும் தளர்ச்சியும் தோன்றியமையை 2000ஆம் ஆண்டிலே அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அதன்பின் பல நாடுகள் அதனைப் பயிரிலிருந்து விலக்கின. வேப்பெண்ணெயைக்கூடக் கைக்குழந்தைகளுக்குப் புகட்டியதால் ஆபத்து நேர்ந்ததை மருத்துவர் பதிவுசெய்துள்ளனர். ஆகையால் செடிமருந்தையும் மருந்தாகவே மதிக்க வேண்டும். கையுறையும் முகமூடியும் இதற்கும் வேண்டும். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்திலே வைக்கவேண்டும். கிணற்றடியிலும் குளக்கரையிலும் தெளிகருவியைக் கழுவலாகாது.

மற்றொன்று: தெளிப்பது கடைசிப்படியே அன்றி முதற்படியன்று. உரிய காலத்திலே ஒருங்கே விதைத்தல், பயிரை மாற்றிச் செய்தல், நோய்கொண்ட கிளையை முறித்து அழித்தல், வயலின் சிலந்தியையும் தும்பியையும் பேணுதல் ஆகியன முந்திய படிகள். 1990களிலே ஆசிய நாடுகளிற்போல் நம் நாட்டிலும் நடத்தப்பட்ட வயற் பாடசாலைகள் இதனையே கற்பித்தன. கமக்காரர் வாரந்தோறும் வயலிலே கூடிப் பூச்சிகளை எண்ணி, எது பகை எது நட்பு என்று தாமே அறிந்து, தெளிப்பதா விடுவதா என்று தாமே தீர்மானித்தனர். அவ்வாறு கற்றவர்கள் மருந்து தெளிக்கும் தடவைகளைக் குறைத்துக்கொண்டனர், விளைச்சல் குறையவில்லை.

நேயர்களே, இவ்வரலாற்றிலே இரு பக்கத்துப் பிடிவாதங்கள் தோற்றுள்ளன. ஆலையிலே செய்த நஞ்சு எல்லாப் பூச்சியையும் என்றென்றைக்கும் ஒழித்துவிடும் என்ற நம்பிக்கை தோற்றது. பழமை ஒன்றே போதும், ஓர் ஆணையால் அதனிடம் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையும் தோற்றது. வென்றவர்கள், தாம் கண்டதைப் பொறுமையோடு அளந்தவர்கள். சூடானிலே தின்னப்படாத மரத்தைக் கண்டு வியந்து நின்றுவிடாமல் ஏன் என்று கேட்டவர், தில்லியிலே பருப்பை அரைத்துத் தெளித்துப் பார்த்தவர்கள், வயலிலே குந்தியிருந்து சிலந்திகளை எண்ணிய கமக்காரர் ஆகிய யாவரும் அவ்வரிசையிலே சேர்வர்.

இலங்கையின் வறண்ட பிரதேசத்திலே, யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, அநுராதபுரம், மட்டக்களப்பு என எத்திசை நோக்கினும் வேம்பு நிற்கிறது. சிங்கள மக்கள் அதனைக் கொஹொம்ப என்பர். இரு மொழியினருக்கும் அது பொதுச்சொத்து. அடுத்த ஆனியிலே அதன் பழங்கள் முற்றத்திலே உதிரும்போது, அவற்றைக் கூட்டிக் குப்பையிலே கொட்டாமல் ஒரு சாக்காவது பொறுக்கிவைப்போம். எந்தப் பூச்சிக்கு, எந்தப் பயிரிலே, எத்தனை நாளில் பலன் கண்டோம் என்பதை ஒரு கொப்பியிலே குறித்தும் வைப்போம். பொறுக்கிய விதை அந்த ஆண்டுப் பயிரைக் காக்கும். குறித்த எழுத்து பின்வரும் தலைமுறையின் பயிரைக் காக்கும்.